சில்வண்டு என்று அழுத்தியவள்

"மனுஷனுக்குக் காது கேக்கலன்னா டாக்டர்கிட்ட போவான். காட்டுக்குக் காது வேணும்னா எங்க காதக்காகிட்டதான் வரணும்!"

வனத்துறை ஆபீசுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரேஞ்சர் அவளை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவள் மாதிரி அவளும் சிரித்து வைப்பாள். பெரிய அதிகாரி ஜோக்கடித்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சிரிக்காமல் இருக்க யாரால் முடியும்? ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளைக்கு வேலை கிடைத்ததே பெரிய விஷயம்.

வேலை இதுதான். காட்டுக்குள் உயரமான மரங்களின் கிளை இடுக்குகளில் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு மைக், தலைக்கு மேல் வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் தகடு. காட்டில் என்ன சத்தம் எழுந்தாலும் பெட்டி அதைப் பிடித்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். கம்ப்யூட்டர் அத்தனையையும் கேட்டு, தனக்குச் சந்தேகமானதை மட்டும் துண்டு துண்டாக வெட்டிக் காதக்காவின் முன்னால் வைக்கும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, இது இன்னதென்று சொல்ல வேண்டும். திரையின் ஓரத்தில் பொத்தான்கள் வரிசையாக இருக்கும்: மழை, பறவை, வண்டி, சில்வண்டு, ரம்பம். ரம்பத்தை அழுத்தினால் ரோந்துக்காரர்களின் போனில் மணி அடிக்கும், ஜீப் கிளம்பும். மற்றதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. நடக்காது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் பெரிய தலைவலி சில்வண்டுதான். உச்சி வெயிலில் சில்வண்டுகள் கூட்டமாகக் கத்துவதும், தூரத்தில் எவனாவது மோட்டார் ரம்பத்தை ஓட்டுவதும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுபோலவே கேட்கும். வண்டு கத்துகிறதென்று சும்மா இருந்தால் மரம் போய்விடும். ரம்பம் என்று ஜீப்பை அனுப்பினால், ரோந்துக்காரர்கள் மலையேறிப் போய் வண்டைப் பார்த்துவிட்டு வந்து இவளைத் திட்டுவார்கள். "என்னக்கா, வண்டுக்கு விலங்கு மாட்டவா கூப்பிட்டீங்க?" அதனால்தான் மனுஷக் காது ஒன்று தேவைப்பட்டது.

காது அவளுக்கு இயற்கையாகவே கூர்மை. சின்ன வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். இரைச்சலுக்கு நடுவே யார் பேசுகிறார்கள், அழுகிறார்களா, அழுகையை அடக்குகிறார்களா என்று அரை வார்த்தையில் சொல்லிவிடுவாள். எக்ஸ்சேஞ்சை மூடினார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள். அங்கேயும் ஒரு நாள், ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று பேசும் இயந்திரக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டு இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்புறம்தான் வனத்துறையில் இந்த வேலை.

அவள் வேலை செய்த அறை முன்பு சாமான் போடும் அறையாக இருந்தது. பக்கத்தில் வெல்டிங் பட்டறை. அந்தச் சத்தம் உள்ளே வரக் கூடாதென்று சுவர் முழுக்கக் காலி முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கும் அட்டைதான். மின்விசிறி சத்தம் போடும் என்பதால் கேட்கும் நேரத்தில் அதையும் நிறுத்திவிட வேண்டும். கழுத்தில் வியர்வை வழிய, முட்டை அட்டைகளைப் பார்த்துக்கொண்டு, நாள் பூராவும் ஒருத்தி காட்டைக் கேட்டுக்கொண்டிருப்பாள். காட்டுக்குள் அவள் கால் வைத்ததே கிடையாது என்றால் நம்புவீர்களா? ஆனால் எந்தப் பெட்டியின் பக்கத்தில் ஓடை ஓடுகிறது, எந்த மரத்தில் குரங்குகள் சண்டை போடும் என்பதெல்லாம் அத்துப்படி.

பேச ஆள் இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். கீழே டயர் கடைக்காரர் காலையில் "என்னக்கா, கிளம்பியாச்சா?" என்பார், சாயங்காலம் "என்னக்கா, வந்தாச்சா?" என்பார். சில நாளில் அவளோடு ஒரு மனுஷன் பேசிய மொத்தப் பேச்சே அவ்வளவுதான். ரப்பர் வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்து அவள் சோற்றில்கூட அடிக்கும். சமைக்கும்போது கை தானாக இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிடும், பிறகு ஒரு பிடியை எடுத்து டப்பாவில் திரும்பக் கொட்டுவாள். அந்த இரண்டாவது ஆள் அவள் தம்பி.

அம்மா அப்பா அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்கு மூக்கைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தெரியாது. இவள்தான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கினாள். வந்த வரன்களையெல்லாம் தம்பியைக் காரணம் காட்டித் தட்டிக் கழித்தாள். அவனை எழுப்புவது இருக்கிறதே, அது தினமும் ஒரு யுத்தம். போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்துவாள்: "எந்திரிடா மகாராஜா! இன்னும் என்ன தூக்கம்? ராஜ்யம் காத்துக்கிட்டு இருக்கு!" மகாராஜா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபக்கம் புரண்டுகொள்வார். சாப்பாட்டில் உட்கார்ந்தால் முதல் வாயிலேயே "உப்பு பத்தல" என்பான். கடலைக் கொண்டுவந்து இலையில் ஊற்றினாலும் அவனுக்கு உப்பு பத்தாது.

படிப்பு ஏறவில்லை. மர அறுவை மில்லில் சேர்ந்தான், கை நன்றாக ஓடியது, பெயரெடுத்தான். பிறகு காட்டின் எல்லையை விரித்துப் பாதுகாக்கப்பட்ட வனம் என்று பலகை நட்டார்கள். மில் எல்லைக்குள் வந்துவிட்டதால் மூடிவிட்டார்கள். மரங்களுக்கு நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மில்லில் இருந்தவர்களின் அடுப்பு எப்படி எரியும் என்று பலகை நட்டவர்கள் யாரும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு வனத்துறையில் வேலை கிடைத்தது.

"என் வயித்துல அடிச்சவங்ககிட்டயே போய் உக்காந்து காதைக் குடுக்கப் போறியா?" என்று தம்பி குதித்தான்.

இவளுக்கும் மூக்கின் மேல் கோபம். "ரம்பம் பிடிக்கறதைத் தவிர உனக்கு வேற என்னடா தெரியும்? நானும் வீட்ல உக்காந்துட்டா ரெண்டு பேரும் காத்தைக் குடிக்கிறதா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் தம்பி துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். மூலையில் கிடந்த தன் ரம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்: "காது காதுன்னு பெருமைப்படறியே, இனிமே என் குரல் அந்தக் காதுல விழாது." போனவன் போனவன்தான். எங்கே இருக்கிறான், என்ன சாப்பிடுகிறான், ஒரு தகவல் கிடையாது. தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தாள், கிணற்றில் போட்ட கல் மாதிரிதான். இப்படி வருஷங்கள் ஓடின.

இதற்கிடையில் ரேஞ்சர் ஒரு நல்ல காரியம் செய்தார். மனுஷன் ஜோக்கில்தான் மட்டம், மனசு தங்கம். மில் ஆட்களைப் பிடித்துப் பிடித்து ஜெயிலில் போடுவதில் அர்த்தமில்லை என்று மேலிடத்தில் மல்லுக்கட்டி ஓர் ஏற்பாட்டை வாங்கி வந்தார். ஒருவன் முதல் மரத்திலேயே பிடிபட்டால், ரம்பத்தை ஒப்படைத்துவிட்டு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேரலாம், மாதச் சம்பளம். வெட்டிக்கொண்டே போனவனுக்குத்தான் கோர்ட்டும் ஜெயிலும். அப்படிச் சேர்ந்தவர்கள் பலர் பண்ணையில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் ரோந்துக்கே போனார்கள். "அதனாலதான் சொல்றேன் காதக்கா, சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க. சீக்கிரம் பிடிச்சா மரமும் பிழைக்கும், மனுஷனும் பிழைப்பான்" என்பார். இது அவளுக்கு மனப்பாடம். இதை நீங்களும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு முற்பகலில் கம்ப்யூட்டர் ஒரு துண்டை அவள் முன்னால் வைத்தது. ஓடைக்கு மேலே, எல்லைக்கு வெகுதூரம் உள்ளே இருந்த பெட்டி. ஹெட்போனை மாட்டினாள். சருகு மிதிபடும் சத்தம். ஏதோ உலோகம் கல்லில் உரசியது. இயந்திரத்தின் கயிற்றை யாரோ இழுத்தார்கள், அது இருமிவிட்டு அடங்கியது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி அடங்கியது. அப்போது ஒரு குரல், சலித்துக்கொண்டு, ஆனால் செல்லமாக:

"எந்திரிடா மகாராஜா! இன்னும் என்ன தூக்கம்?"

ரம்பம் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவள் இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். திரும்ப ஓட்டிக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். தன் வார்த்தை, தம்பியின் குரல். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. சளி பிடித்திருக்கிறதோ? தலையைத் துவட்டிக்கொள்ளச் சொல்லி எத்தனை தடவை அடித்துக்கொண்டிருப்பாள்! கன்னத்தில் கண்ணீர் ஓட, முட்டை அட்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம்தான் பொத்தான்கள் கண்ணில் பட்டன.

முதல் மரம். ரம்பத்தை அழுத்தினால் ஜீப் போகும், பிடிப்பார்கள், பண்ணையில் வேலை கொடுப்பார்கள். எல்லாம் தெரியும். விரலும் அங்கேதான் போனது. ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. பிடித்துக் கொடுத்தது அக்காதான் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் முகத்தில் விழிப்பானா? பண்ணை வேலையை மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு இன்னும் தூரமாக, பெட்டியே இல்லாத காட்டுக்குப் போய்விட்டால்? இன்றைக்குக் கிடைத்த குரல் நாளைக்கு இருக்காதே! ஒரே ஒரு நாள் கேட்டுவிட்டு நாளைக்கு அழுத்திக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரலை நகர்த்திச் சில்வண்டை அழுத்தினாள்.

நாளைக்கு என்ற நாள் வந்தபோது அதற்கும் ஒரு 'நாளைக்கு' இருந்தது.

அவளுக்குப் புது வாழ்க்கை கிடைத்த மாதிரி ஆயிற்று. கம்ப்யூட்டர் வெட்டிக் கொடுக்கும் துண்டு போதாமல், அந்தப் பெட்டியின் முழுச் சத்தத்தையும் வரவழைத்துக் கேட்க ஆரம்பித்தாள். தம்பி தனியாகத்தான் வேலை செய்தான். மரம் சாய்வதற்கு முன்னால் மில்லில் பழகியபடி "விலகு, விலகு!" என்று கத்துவான். விலக அங்கே ஓர் ஈ காக்கை கிடையாது. மதியம் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான், மூடி டணாரென்று கல்லில் விழும். அவளும் அதே நேரத்துக்குத் தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஒரு நாள் முதல் வாய் மென்றுவிட்டு அவன் தனக்குள் முனகினான்: "உப்பு பத்தல."

"உனக்கு என்னிக்குடா பத்தியிருக்கு?" என்றாள் அவள் சத்தமாக. வெளியே போய்க்கொண்டிருந்த ரேஞ்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "யார்கிட்ட பேசறீங்க காதக்கா?" "வண்டுகிட்ட சார்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் சிரித்தார்.

எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் அவளால் இரண்டு முனையிலும் பேச முடியும். இங்கே கேட்க மட்டும்தான் முடிந்தது. தம்பி இருமினால் சுக்குக் கஷாயம் குடியேண்டா என்று சொல்ல வழியில்லை. கல்யாணம் செய்துகொண்டானா என்று கேட்க வழியில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு இவள் பேசுவாள், அங்கே ஒருவன் தனியாகச் சோற்றை மென்றுகொண்டிருப்பான். இருந்தாலும், டயர் கடைக்காரரின் இரண்டு கேள்விகளோடு முடிந்த நாட்களுக்கு இது எவ்வளவோ மேல். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது.

மரங்கள் விழுவதும் காதில் விழுந்தது. முதலில் நரம்பு தெறிப்பது மாதிரி ஒரு முறுக்கு, அப்புறம் நீளமாக ஓர் ஓலம், அப்புறம் தரை அதிரும் சத்தம். அதன் பிறகு ஒரு பறவைகூட வாய் திறக்காது. அந்தச் சமயத்தில் மட்டும் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவாள். எத்தனை மரம் என்று எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம் இருந்தது. பெரிய அலகுள்ள பறவை. பெட்டை முட்டையிடும் காலத்தில் மரப் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். ஆண் பறவை நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அதன் இறக்கை விசிறுவது புகைவண்டி மூச்சு விடுகிற மாதிரி கேட்கும். காதக்கா தினமும் அதற்காகக் காத்திருப்பாள். ஒரு நாள் தம்பி சாய்த்தது அந்தப் பொந்து மரம். மறுநாள் இறக்கைச் சத்தம் வந்தது. ஒரு குரல் கொடுத்தது. பதில் இல்லை. சுற்றிச் சுற்றி விசிறிவிட்டுப் போயிற்று. அதற்கும் மறுநாள் மறுபடி வந்து குரல் கொடுத்தது.

அவள் அன்று சாப்பிடவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டுக் குமுறிக் குமுறி அழுதாள். "பாவி, என்னடா பண்ணிட்டே" என்றாள். பிறகு, "பாவி, என்னடி பண்ணிட்டே" என்றாள். ஆனால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதன் பிறகும் அவள் அழுத்தியது சில்வண்டைத்தான்.

கொஞ்ச நாளில் ஒரு விநோதம் நடந்தது. தம்பியின் ரம்பத்தைக் கம்ப்யூட்டர் வெட்டிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. முழுச் சத்தத்தைக் கேட்டால் ரம்பம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது சந்தேகமாக அவள் முன்னால் வந்து நிற்கவில்லை. அப்பாடா, இனி பொய் அழுத்த வேண்டியதில்லை என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மற்றப் பெட்டிகளிலிருந்தும் துண்டுகள் குறைந்தன. "காடு அடங்கிருச்சு காதக்கா!" என்று ரேஞ்சர் பூரித்துப் போனார். ஊரெல்லாம் நல்ல பெயர். அவள் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குத் தம்பியிடம் போய்க்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு கோடை மழை பெய்தது. மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் செம்மண் கரைசல் கொட்டுகிறது. டயர் கடைக்காரர் வாளியைத் தூக்கிக் காட்டினார். "என்னக்கா இது, மலையே குழாய்ல வருது?" ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஓடை அது. ரோந்துக்காரர்கள் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். மேலே, தம்பி இருந்த இடத்துக்கு அடுத்த மலைச்சரிவு பூராவும் மொட்டையடித்துக் கிடந்தது. ஒருத்தன் வேலை இல்லை, ஒரு கூட்டமே பல ரம்பங்களை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அறுத்துத் தள்ளியிருக்கிறது. மழை, பிடித்து வைக்க வேரில்லாத மண்ணை அப்படியே வழித்துக்கொண்டு வந்துவிட்டது. சரிவில் பெட்டி இருந்தது. பெட்டி எல்லாவற்றையும் கேட்டு அனுப்பியும் இருந்தது. கம்ப்யூட்டர்தான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த பெண் தலைமை ஆபீசிலிருந்து ஓடி வந்தாள். கம்ப்யூட்டர் பொண்ணு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். காதக்காவுக்கு முதல் நாள் வேலை கற்றுக் கொடுத்தவளும் அவள்தான். அந்த அறையில் காதக்காவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, சரிவில் பதிவான சத்தத்தையெல்லாம் போட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"இவ்வளவு தெளிவா ரம்பம் ஓடுது, இதைப் போய் வண்டுன்னு ஒதுக்கியிருக்கு. ஏதோ தப்பாப் படிச்சிருக்கு. நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன் போல."

"படிச்சிருக்குன்னா?" என்று காதக்கா கேட்டாள்.

"முதல் நாளே சொன்னேனேக்கா. நீங்க அழுத்தறதுதான் அதுக்குப் பாடம். நீங்க வண்டுன்னா, ஓ, இப்படி இருந்தா வண்டுன்னு கத்துக்கும். அடுத்த தடவை உங்களைக் கேக்காம அதுவே ஒதுக்கிரும்." அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "உங்க காதைச் சொல்லல. உங்க காதை நம்பித்தான் மத்த காட்டுக்கெல்லாம் இதையே போடலாம்னு நான் சொல்லிட்டு இருந்தேன். என் தப்புதான். வேலை போகப் போகுது எனக்கு." சொல்லி முடிக்கவில்லை, பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

முதல் நாள் சொன்னதுதான். காதக்கா இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருந்தாள். ஊருக்கே காதென்று பெயரெடுத்தவள்! ஒருத்தனின் குரலுக்காக ஒரு ரம்பத்தை வண்டென்றாள். அது எல்லா ரம்பத்தையும் வண்டென்று எடுத்துக்கொண்டது. தம்பியை மறைக்கிறோம் என்று நினைத்தாள், மலையையே மறைத்துவிட்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம், யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. மென்று விழுங்கிப் பார்த்தாள். பக்கத்தில் அழுகிற பெண்ணின் மூச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. அழுகையைக் கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டிக்கிற பழக்கம் எக்ஸ்சேஞ்சில்கூட அவளுக்குக் கிடையாது.

"அழாதே கண்ணு. உன் தப்பு இல்ல. அதுக்குப் பொய் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றாள்.

ரேஞ்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இருவருக்கும் முன்னால் தம்பியின் முதல் துண்டைப் போட்டாள். 'எந்திரிடா மகாராஜா' என்று அறை நிறைய ஒலித்தது. ரேஞ்சருக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "எது எது பொய்யின்னு உங்களுக்குத்தான் தெரியும். திருத்திக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

திருத்தினாள். ஒவ்வொரு துண்டாகத் திரும்பக் கேட்டு, வண்டை நீக்கி, ரம்பத்தை அழுத்தினாள். மரம் விழுகிற இடத்தில் இந்தத் தடவை ஹெட்போனைக் கழற்றவில்லை. கடைசியாக, அப்போது வந்துகொண்டிருந்த சத்தத்தைத் திறந்தாள். தம்பி அங்கேதான் இருந்தான், டப்பா மூடி கல்லில் விழுந்தது. அவன் முதல் வாய் எடுப்பதற்குள் பொத்தானை அழுத்தினாள். வெளியே ஜீப் கிளம்பியது.

சாயங்காலம் அவனைக் கொண்டுவந்து ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தாடியில் நரை. இவள் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு நரை! மரத்தூள் புருவமெல்லாம் அப்பியிருந்தது. இவள் போய்ப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீதான் கேட்டியா?"

"ஆமாடா."

"இன்னிக்கா?"

"மழைக்காலம் முடிஞ்சதுல இருந்து. முதல் மரத்துல இருந்து."

அவன் நம்பாமல் பார்த்தான். "முதல் மரத்துலயே பிடிச்சா பண்ணை வேலைன்னு இப்பதான் ஜீப்ல சொல்லிட்டு வந்தாங்க. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா அழுத்தல?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. நீ கோபித்துக்கொள்வாயென்று, ஓடிவிடுவாயென்று. ஆனால் உண்மை ஒன்றுதான். "அழுத்தினா உன் குரல் நின்னுபோயிருமேன்னுதான். வீட்ல பேச்சுச் சத்தமே இல்லடா."

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வண்டி வந்ததும் எழுந்து போய் ஏறிக்கொண்டான்.

கோர்ட்டில் தண்டனை கொடுத்தார்கள். முதல் மரத்தோடு நின்றிருந்தால் சம்பளத்தோடு முடிந்திருக்க வேண்டியது, ஜெயிலில் போய் முடிந்தது. சரிவை மொட்டையடித்த கூட்டமும் பிற்பாடு பிடிபட்டது, திருத்திய கம்ப்யூட்டர்தான் காட்டிக் கொடுத்தது. காதக்காவுக்குக் காது வேலை போயிற்று. ரேஞ்சர் மனசு கேட்காமல் அவளை நாற்றுப் பண்ணையில் சேர்த்துவிட்டார். தம்பி உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் அக்கா உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பினாள். மொட்டைச் சரிவில் நடுவதற்கான கன்றுகள் அவை. இருவாச்சி கூடு கட்டுகிற அளவுக்கு அவை பருக்கும்போது அவளும் இருக்க மாட்டாள், தம்பியும் இருக்க மாட்டான். அது தெரிந்தேதான் ஒவ்வொரு பையிலும் மண்ணை அழுத்தினாள்.

ஜெயிலில் பார்வையாளர் அறை என்று ஒன்று உண்டு. நடுவில் கனத்த கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு போன் ரிசீவர், அந்தப் பக்கம் ஒரு ரிசீவர். அனுமதித்த நாளிலெல்லாம் போனாள். தம்பி வந்து எதிரில் உட்காருவான், ஆனால் ரிசீவரைத் தொட மாட்டான். இவள் தன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வருவாள். "என்னக்கா, வந்தாச்சா?" என்பார் டயர் கடைக்காரர். வந்தாச்சு என்பாள்.

ஒரு தடவை அவன் எடுத்தான். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சு அவள் காதில் கேட்டது, அதே கரகரப்பு. பழக்கதோஷம், அவளும் பேசாமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டாள். காவலர் வந்து நேரமாகிறது என்று மேஜையைத் தட்டினார்.

"என்னக்கா," என்றான் தம்பி, "இங்கயும் வந்து ஒட்டுக் கேட்டுட்டுத்தான் போகப் போறியா? ஏதாவது பேசேன்."

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றாவது வாயில் வர வேண்டுமே! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"இங்க சாப்பாட்டுல உப்பு பத்துதாடா?" என்று கேட்டாள்.

"பத்தலக்கா" என்றான் அவன். அவன் உதடு கோணிக்கொண்டு வந்தது.